லயத்து வீட்டில் ஓர் அருங்காட்சியகம்



நம்மில் சிலரும் அவிநாசிப் பக்கத்து நண்பர்கள் சிலருமாகச் சேர்ந்து இலங்கைக்கு 'ராமாயண யாத்திரை' போய்வந்தது உங்களுக்குத் தெரியும். ரம்பொடை அனுமார் கோயில், நுவரெலியா சீதையம்மன் கோயில் படங்களை வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அதனால் அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்தப் பயணத்தில் திட்டத்தில் இல்லாத ஓரிடத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் மலைப்பாதையில், ரம்பொடை வட்டாரத்தில், ஓல்ட் பீகாக் என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயம் ஒன்றைச் சீர்செய்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெயர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற தொண்டு நிறுவனம் 2007-இல் இதைத் தொடங்கியது.

"ஏனுங்க, கோயில் நடை சாத்திருவாங்க. இங்க நின்னு என்னத்தப் பாக்கறது?" என்றார் என் மனைவி. அவர் கேட்டதில் தப்பில்லை. வெளியே இருந்து பார்த்தால் அது தகரக் கூரை போட்ட வரிசை வீடு. நம் ஊரில் லைன் வீடு என்கிறோமே, அச்சு அசல் அதேதான்.

லயம் என்ற சொல்லும் அப்படி வந்ததுதான். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் அங்கே லயன், லயம் என்றாகிவிட்டது. இங்கே லைன் வீடு ஆயிற்று. அங்கே ஓர் அறைக்குக் காம்பரா என்று பெயர். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய திண்ணை. அதற்குள் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு வரிசை இருக்கும். அவற்றில் பின் ஜன்னல் கூடக் கிடையாது.

சாதாரணச் சாமான்கள்

அருங்காட்சியகம் என்றால் ஐம்பொன் சிலை, செப்பேடு, பொற்காசு என்று நம் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. இங்கே இருப்பது வேறு பட்டியல். தொழிலாளர் வீடுகளில் புழங்கிய சமையல் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், பெண்கள் அணிந்த நகைகள், மேளதாளக் கருவிகள், பழைய புகைப்படங்கள், புத்தகங்கள், தொழிற்சங்க ஆவணங்கள். நம் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தவை போலத்தான் பல. காசு கொடுத்து வாங்க ஆள் வராது. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது.

தப்பு என்ற மேளத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே அது சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிப்பது. தோட்டத்தில் விடியுமுன் அதை அடித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். எழுந்து போய் வரிசையில் நிற்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். 'பரேட்' என்பதன் மருவல். நம் கம்பெனிகளில் சங்கு ஊதியது போல, அங்கே தப்பு.

பிறகு கொழுந்துக் கூடை. அதன் கயிறு முன்தலையில் மாட்டியிருக்கும். பாரம் முழுக்கக் கழுத்துக்கு. குளிருக்கும் மழைக்கும் ஒரு கம்பளி. அந்தக் கம்பளியின் விலையும் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். பேர் பதியும் ஏட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். அதில் பேர் விழாத நாள் வேலை செய்யாத நாள். 36 வருடம் கணக்கு ஏட்டோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அந்தச் செக்ரோல் கதை உடனே புரிந்தது. எழுதுகிறவன் கையில்தான் எழுதப்படுகிறவனின் சோறு இருக்கிறது.

எப்படிப் போனார்கள்

இலங்கை மலைநாட்டில் 1820-களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. கம்பளை வட்டாரத்தில் 1823-இல் போட்ட தோட்டத்தைத்தான் முதலாவது என்பார்கள். அந்தக் கணக்கில்தான் 2023-ஐ 'மலையகம் 200' என்று கொண்டாடினார்கள். திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து, பஞ்சத்திலும் கடனிலும் சிக்கிய குடும்பங்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். படகில் தலைமன்னார், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

1869 வாக்கில் காப்பி இலையில் துருநோய் வந்து, சில ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். அதனால்தான் வந்தவர்கள் திரும்பாமல் லயத்திலேயே தங்கினார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' முறை வந்தது. ஆளின் கழுத்தில் ஒரு உலோக வில்லையைக் கட்டிவிடுவார்கள். அதில் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். பெயர் இருக்காது. சரக்கு மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவைத் தோட்டம் கொடுக்கும். பிறகு அது கடனாகத் தொழிலாளி தலையில் ஏறும்.

'துண்டு' என்ற முறை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவர் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று பழைய தோட்டம் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரவேண்டும். இன்று வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து வட்டி குறைந்த வேறொரு வங்கிக்கு மாற்றுகிறோம் அல்லவா? அங்கே கடனோடு மனிதரையும் சேர்த்து மாற்றினார்கள். 1921-இல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கோ. நடேசய்யர், தஞ்சாவூர்க்காரர். வணிகவியல் ஆசிரியராக இருந்தவர். 'வர்த்தகமித்திரன்' என்ற இதழ் நடத்தியவர். பி.காம். படித்த எனக்கு இவர் பெயர் இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது என்பது வெட்கம்தான். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், துணி வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குள் போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். பிறகு இலங்கையிலேயே தங்கி, பத்திரிகை நடத்தி, 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். சட்டசபைக்கும் போனார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். துணிமூட்டை இப்படியும் பயன்பட்டிருக்கிறது என்று பனியன் ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்வது நல்லது.

காகிதம் இல்லாதவர்கள்

1948-இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன், பாட்டன் அந்த நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வாங்கினார்கள்? பாட்டன் கழுத்தில் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவற்றில் பல, காகிதம் போதவில்லை என்று தள்ளுபடியாயின.

1964 அக்டோபர் 30-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தொகைப் பட்டியலில் இரு பக்கமும் சரியாகக் கூட்டி எழுதியது போல இருக்கிறது. பட்டியலில் இருந்தது மனிதர்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ.

அப்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, தமிழ்நாடெங்கும் பிரிந்து போனார்கள். நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் அவர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டன. கூட்டுறவு நூற்பாலைகளில் சிலருக்கு வேலை கொடுத்தார்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்காக 1969-இல் ஒரு வங்கியே தொடங்கினார்கள். ரெப்கோ வங்கி என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் முதல் பாதி 'தாயகம் திரும்பியோர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

நான் திருப்பி அனுப்பிய அட்டை

இதுவரை எழுதியது புத்தகத்திலும் கிடைக்கும். இனி எழுதுவது புத்தகத்தில் கிடைக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

1980-களின் நடுவில், இந்த மாவட்டப் பகுதியில் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் நூற்பாலையில் வேலை செய்கிற அம்மா ஒருவர் கணக்கு ஆரம்பிக்க வந்தார். அந்தக் காலத்தில் ஆதார் எல்லாம் கிடையாது. ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். "கையெழுத்துப் போட யாராச்சும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.

"எங்களுக்கு இங்க யாரையும் தெரியாதுங்களே ஐயா" என்றார். பிறகு மஞ்சப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டை. குடும்பத்தார் எல்லோர் பெயரும் வயதும் அதில் இருந்தன. "இதுல எல்லாமே இருக்குதுங்க ஐயா."

நான் அதை ஒழுங்காக வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கவுண்டரில் கூட்டம். "இதெல்லாம் செல்லாதும்மா, ஆளோட வாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் அட்டையை மறுபடி உறையில் சுற்றிப் பையில் வைக்கும் வரை வரிசை நின்றது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பது கூட நினைவிருக்கிறது. அந்த அம்மா மறுபடி வரவில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. மேலாளர் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். ஆனால் அந்த அட்டை என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு நாடு காகிதம் போதாது என்று அனுப்பி வைத்த குடும்பத்துக்கு, இன்னொரு நாடு கொடுத்த ஒரே காகிதம் அது. அதையும் நான் செல்லாது என்றேன். ரம்பொடைப் பக்கத்து லயத்தில் பழைய ஆவணங்களின் முன்னால் நின்றபோது, இத்தனை வருடம் நினைவுக்கே வராத அந்த மஞ்சப்பை வந்தது. "என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டதற்கு, படி ஏறியது மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். அருங்காட்சியகம் வெறும் வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. ஒருவர் நீட்டுகிற அட்டை என்ன என்று அடுத்தவருக்குத் தெரியவைக்கிற இடம் அது. எனக்கு 30 வயதில் தெரிந்திருக்க வேண்டியது, 60-ஐத் தாண்டித் தெரிந்தது.

நம் ஊர்க் கணக்கு

சேவூர் என்றால் வாலீஸ்வரர் கோயில், நிலக்கடலை ஏலம் என்று சொல்லுவோம். கோயில் கல்வெட்டுகளில் மன்னர் பெயர் இருக்கும், தானம் கொடுத்தவர் பெயர் இருக்கும். கல் சுமந்தவர் பெயர் இருக்காது. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது மணிகளும் பானை ஓட்டு எழுத்துகளும் மட்டுமல்ல, நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. 2,000 வருடத்துக்கு முன்னால் நூற்றவரின் தக்களி இருக்கிறது. 50 வருடத்துக்கு முன்னால் இங்கே பனியன் தைத்தவரின் சாமான் எது நம்மிடம் இருக்கிறது?

1925-இல் குலாம் காதர் திருப்பூரில் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1932-இல் கொடி பிடித்து அடிபட்டு உயிர்விட்ட குமரனுக்கு நினைவகம் இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த 127 நாளும் லைன் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது? மளிகைக் கடைக் கடன் நோட்டு ஒன்று இருந்தால் போதும், அது சொல்லும். சனிக்கிழமைச் சம்பளக் கவர், ஒன்றரை ஷிப்ட் என்று பென்சிலில் எழுதிய சின்ன நோட்டு, பழைய ஓவர்லாக் மிஷினின் உடைந்த பாகம், கட்டிங் மாஸ்டரின் கத்தரி, பி.எஃப். சீட்டு. இவையெல்லாம் இப்போதைக்குப் பழைய இரும்புக் கடைக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதக் கூட்டத்தில் பி பிளாக் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிற சாமான்களை அப்புறப்படுத்த முடிவு செய்தோம். நானும் கை தூக்கினேன். நம் குடியிருப்பு கட்டப்படுமுன் இந்த இடத்தில் லைன் வீடுகளும் ஒரு சின்ன தையல் கூடமும் இருந்தது பழையவர்களுக்குத் தெரியும். அடித்தளம் தோண்டியபோது கிடைத்த ஆட்டுக்கல், வீட்டு எண் எழுதிய தகரத் தட்டுகள், ஒரு மரப்பெட்டி நிறைய நோட்டுகள் அங்கேதான் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து பார்க்காமலே நான் கை தூக்கினேன். இரண்டாவது முறை அதே தப்பு.

செயற்குழு நண்பர் ஒருவர், "சார், கரையான் வரும், இடத்தை அடைக்கும், யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விகள். கரையானுக்கு மருந்து இருக்கிறது. இடம், சமுதாயக் கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ போதும். யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூயார்க் நகரில் ஆர்ச்சர்டு தெருவில் 97-ஆம் எண்ணில், 1863-இல் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்று இருக்கிறது. ஏழைக் குடியேறிகள் வாடகைக்கு இருந்த வீடு. 1935-இல் மாடி வீடுகளைப் பூட்டிவிட்டார்கள். அங்கே 1988-இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சுமார் 7,000 பேர் குடியிருந்த கட்டடம் அது. உலகம் முழுவதிலிருந்தும் வந்து டிக்கெட் எடுத்து, பழைய சமையலறையையும் தையல் மிஷினையும் பார்க்கிறார்கள். அதுவும் நம்முடையதைப் போல ஓர் அபார்ட்மெண்ட்தான்.

என் வேண்டுகோள்

ஒன்று: மாடிப்படிச் சாமான்களை அடுத்த கூட்டம் வரை அப்படியே விடுங்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்துப் பட்டியல் போடுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு: ஒரு பதிவேடு வைப்போம். பொருள் என்ன, யாருடையது, எந்தக் காலம், எதற்குப் பயன்பட்டது, சொன்னவர் யார், தேதி. இந்த ஆறு கட்டம் போதும். குறிப்பு இல்லாத பொருள் வெறும் பழைய இரும்பு. குறிப்பு இருந்தால் உடைந்த கத்தரியும் வரலாறு.

மூன்று: உங்கள் வீட்டில் அப்பா, அம்மா காலத்துச் சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, பஞ்சு மண்டி ரசீது இருந்தால் லேமினேஷன் செய்யாதீர்கள்; செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். வெயில் படாத இடத்தில் உறையில் வையுங்கள். குறிப்பு எழுதுவதானால் பென்சிலில் எழுதுங்கள். அசலைத் தர மனமில்லை என்றால் படம் எடுக்கக் கொடுங்கள்.

நான்கு: இது முக்கியம். நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், பின்தெரு லைன் வீடுகளில் இருக்கிற ஒடிசா, பீகார் தம்பிகள் ஆகியோரிடமும் கேட்போம். அவர்கள் இந்த ஊருக்கு வந்திறங்கிய ரயில் டிக்கெட், முதல் அடையாள அட்டை ஆகியவையும் அந்த பீரோவில் இருக்கட்டும். அவர்களும் இந்த ஊரின் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியவர்கள்.

அன்றைக்கு நடை சாத்துமுன் அனுமார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வீட்டில் இன்றுவரை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். மரப்பெட்டியைத் திறக்கும்போது நான்கு பேராவது கூட இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.